ஒப்புதல் பெற்ற வீரமரணம்

உயிரோடு இருக்கிற ஒருவனுக்கு மரியாதை செய்வது எத்தனை பெரிய தொல்லை என்பது ராஜவேலுக்கு இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில்தான் தெரிந்தது. அதுவரைக்கும் அவர், செத்தவர்களுக்குத்தான் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

கார்கில் சண்டையில் ஷெல் விழுந்து அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. ராணுவம் அதற்கு ஒரு செயற்கைக் காலும் ஒரு பதக்கமும் பென்ஷனும் கொடுத்து, கைகுலுக்கி அனுப்பிவைத்தது. வேலூர்ப் பக்கம் சொந்த ஊருக்கே போயிருக்கலாம். ஆனால் காலைச் சரிபார்க்க மாதாமாதம் டெல்லி ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. மகள் வைஷ்ணவியும் இங்கேயே பிறந்து, பாதித் தமிழும் பாதி ஹிந்தியுமாக ஐந்தாம் வகுப்பு வரைக்கும் வந்துவிட்டாள். ஆகவே கரோல் பாகில் மூன்றாவது மாடியில் ஓர் அறை, ஐம்பத்திரண்டு படிகள். கீழே ஒரு பெரிய புடவைக் கடையில் வாசல் காவல், அங்கத்திய பாஷையில் தர்வான் வேலை. கதவைத் திறந்து, "ஆயியே ஜி" என்று வரவேற்க வேண்டும். நாட்டின் வாசலைக் காத்தவருக்குக் கடையின் வாசலைக் காப்பதில் என்ன சிரமம் என்று முதலாளி நியாயமாகவே நினைத்தார்.

சிரமம் வேறு இடத்திலிருந்து வந்தது. மேதா என்று வைஷ்ணவியோடு படிக்கிற பெண் ஒருத்தி, அம்மாவோடு அந்தக் கடைக்குப் புடவை எடுக்க வந்தாள். மறுநாள் வகுப்பு முழுக்க விஷயம் பரவிவிட்டது: வைஷ்ணவியின் அப்பா சிப்பாய் இல்லை, தர்வான். அன்று சாயங்காலம் வைஷ்ணவி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நாளையிலேருந்து ஸ்கூலுக்குக் கூப்பிட வராதீங்கப்பா" என்றாள். ராஜவேல் சரி என்றார். ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஷெல் விழுந்தபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை என்று மனைவி வள்ளியம்மையிடம் சொன்னார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் சேஷன் வந்து சேர்ந்தார். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் செக்ஷன் ஆபீசர். தலைநகர்த் தமிழ் நண்பர் மன்றத்தின் செயலாளர். மன்றத்தின் சுதந்திர தின விழாவுக்கு இணையமைச்சர் ஒருவர் வர ஒப்புக்கொண்டிருந்தார். அமைச்சர் வந்தால் பொன்னாடை போர்த்த வேண்டும். அமைச்சருக்கு நாம் போர்த்தினால், அமைச்சரும் யாருக்காவது போர்த்த வேண்டும். அதற்கு ஒரு வீரர் தேவைப்பட்டார். டெல்லியில் தமிழ் பேசுகிற வீரர்களுக்கு அந்த ஆகஸ்டில் கடும் தட்டுப்பாடு. புடவைக் கடை வாசலில் ஒருவர் நிற்கிறார் என்று யாரோ சொல்ல, சேஷன் புதையல் கிடைத்த மாதிரி ஓடிவந்தார்.

மந்திரி கையால் அப்பாவுக்குப் பொன்னாடை என்று கேட்டதும் வைஷ்ணவியின் முகம் மாறிவிட்டது. மறுநாளே வகுப்பில் சொல்லிவிட்டாள். மேதா நம்பவில்லை. "நீயே வந்து பாரு" என்று இவள் சவால் விட்டாள். மேதாவின் குடும்பமே விழாவுக்கு வருவதாக முடிவாயிற்று. ராஜவேல் தினமும் காலையில் பதக்கத்தைத் துடைத்துவைத்தார். பொன்னாடை அவருக்குத் துணிதான். அதைப் பார்க்கப்போகிற இரண்டு கண்களுக்காகத்தான் அத்தனை துடைப்பும்.

விழாவுக்கு நான்கு நாள் முன்னால் சேஷன் மறுபடியும் ஐம்பத்திரண்டு படி ஏறிவந்தார். மூச்சு வாங்க உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, "ஒரு சின்ன விஷயம்" என்று ஆரம்பித்தார். சின்ன விஷயத்துக்கு யாரும் மூன்று மாடி ஏறுவதில்லை.

நடந்தது இதுதான். கார்கில் வீரர் ராஜவேலைக் கௌரவிக்க இருக்கிறோம் என்று மன்றம் அமைச்சர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியிருந்தது. அங்கே இருந்த உதவியாளர் நிமிஷவாரியாக நிகழ்ச்சி நிரல் போடுகிறவர். கார்கில் என்றால் வீரர், வீரர் என்றால் மறைந்த வீரர் என்பது அவருக்குப் பழக்கத்தில் வந்த ஞானம். ஆகவே, 'வீரமரணம் எய்திய ராஜவேலுக்கு மௌன அஞ்சலி, ஒரு நிமிஷம். அன்னாரின் துணைவியாருக்குப் பொன்னாடை, இரண்டு நிமிஷம்' என்று தட்டச்சு செய்து மேலே அனுப்பிவிட்டார். அமைச்சரும் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஒரு போன் போட்டால் தீருகிற காரியம். ஆனால் சேஷன் முப்பது வருஷ சர்வீஸில், மேலிடத்திலிருந்து கையெழுத்தாகி வந்த காகிதத்தை ஒருதரம்கூடத் திருப்பி அனுப்பியவர் இல்லை. தப்பு என்று எழுதினால் யார் தப்பு என்று கேட்பார்கள், விளக்கம் கேட்பார்கள், அமைச்சர் வராமலே போய்விடலாம். காகிதத்தைத் திருத்துவதைவிட ஆளைத் திருத்துவது சுலபம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. நிஜமாகவே கணவரைப் பறிகொடுத்த பெண்மணி ஒருவரையும் தேடிப் பார்த்தாராம். ஆனால் அந்த அம்மாளை அன்றைக்கு மூன்று சங்கங்கள் ஏற்கெனவே பிடித்துவைத்திருந்தன.

"ஃபைல் மூவ் ஆயிடுத்து ராஜவேல். மினிஸ்டரே அப்ரூவ் பண்ணிட்டார். நான் என்ன பண்ணட்டும்?" என்றார் சேஷன். ஏதோ ராஜவேல் சாகாமல் இருந்ததுதான் கோளாறு என்கிற மாதிரி இருந்தது அவர் குரல்.

அடுப்படியிலிருந்து வள்ளியம்மை வந்து நின்றாள். "எம் புருசன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கறப்ப, நான் தாலியறுத்தவளா வந்து மேடையில நிக்கணுமா சார்?"

சேஷன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "அபசகுனமாப் பேசாதீங்கோம்மா. மரணம்ங்கற வார்த்தையே மேடையிலே வராது. 'வீரர் ராஜவேலின் மனைவி'ன்னுதான் கூப்பிடுவா. மௌன அஞ்சலியைப் பொதுவா எல்லா வீரர்களுக்கும்னு மாத்திடறேன். நான் கேரண்டி." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, பொட்டைக் கொஞ்சம் சின்னதாக வைத்துக்கொண்டால் போட்டோவில் நன்றாக இருக்கும் என்றும் சொன்னார்.

வள்ளியம்மை என்ன சொல்லியிருப்பாளோ, ராஜவேல் கையைத் தூக்கித் தடுத்தார். அவருக்குக் கோபம் வராமல் இல்லை. ஆனால் கதவுக்குப் பின்னால் வைஷ்ணவி அப்போதுதான் வந்து நிற்பதும், மேதா குடும்பத்தோடு வரப்போவதும் அவருக்குத் தெரியும். இப்போது விழாவே இல்லை என்று சொன்னால், வகுப்பில் இவள் பொய்க்காரியாகவும் ஆகிவிடுவாள். தர்வான் மகள் என்பது போதாதா? சேஷன் போன பிறகு மனைவியிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "துணி யாரு தோள்ல விழுந்தா என்ன. எம்பேரைச் சொல்லுவாங்க இல்ல, பாப்பா கேக்கும். அது போதும்."

வள்ளியம்மை அடுப்படிக்குப் போய்விட்டாள். விழா அன்றைக்கு வழக்கமாக வைக்கிற பொட்டைவிட இரண்டு பங்கு பெரிதாகக் குங்குமம் வைத்துக்கொண்டு, தாலியை எடுத்துப் புடவைக்கு வெளியே போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

விழா ஐந்து மணிக்கு. அமைச்சர் ஆறே முக்காலுக்கு வந்தார். தேசபக்தி அதுவரைக்கும் மின்விசிறியில்லாத அரங்கத்தில் வேர்த்துக்கொண்டு காத்திருந்தது. அமைச்சர் வந்ததும் பொன்னாடைப் படலம் தொடங்கியது. அமைச்சருக்கு, அமைச்சரின் மனைவிக்கு, மன்றத் தலைவருக்கு, இரண்டு துணைத் தலைவர்களுக்கு, அரங்கம் கொடுத்தவருக்கு, டிபன் காண்டிராக்டருக்கு, போன வருஷம் போர்த்த மறந்துபோன ஒருவருக்கு. தேசத்துக்காக இவர்களெல்லாம் எதை இழந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் ஒரு லீவு நாள் மத்தியானத் தூக்கம் என்று சொல்லியிருப்பார்கள்.

ராஜவேலைச் சேஷன் வாசலிலேயே பிடித்துவிட்டார். கோட்டில் பதக்கத்தைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளுத்தது. அதைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லி, கடைசிக்கு முந்தைய வரிசையில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். வைஷ்ணவி அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். மேதாவின் குடும்பம் முன்னால் நான்காவது வரிசையில் இருந்தது. அந்தப் பெண் அடிக்கடி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மைக்கில் நின்றவர் ஜெயராம், மன்றத்தின் ஆஸ்தானப் பேச்சாளர். 'குடிக்கத் தண்ணீர் பின்பக்கம் இருக்கிறது' என்பதையே அடுக்குமொழியில் சொல்லக்கூடியவர். சேஷன் கொடுத்த கேரண்டி அவர் காதுக்குப் போகவில்லை. போயிருந்தாலும், கையில் இருந்தது பச்சைக் கையெழுத்துப் போட்ட நிரல். அவர் குரலைத் தாழ்த்தினார், தழதழக்கவைத்தார். பனிமலையில் பாய்ந்த புலி என்றார். பகைவரின் குண்டைப் பூமாலையாக ஏற்றவர் என்றார். "தாய்மண்ணைக் காக்கத் தன்னுயிர் ஈந்த அமரர் ராஜவேலுக்கு, எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துவோம்" என்று முடித்தார். முன்வரிசையில் சேஷன் ஷூ லேஸைக் கட்டுவதற்குக் குனிந்தவர், நிமிரவே இல்லை.

அரங்கம் முழுக்க எழுந்தது. ராஜவேலும் எழுந்தார். இறந்த சிப்பாய்க்கு எல்லாரும் எழுந்து நிற்கும்போது உட்கார்ந்திருக்க அவருக்குப் பழக்கமில்லை. குதிகாலைச் சேர்த்து, கையை ஒட்டவைத்து, அட்டென்ஷனில் நின்றார்.

"யாருக்குப்பா நிக்கறோம்?" என்று வைஷ்ணவி மெல்லக் கேட்டாள். 'அமரர்' அவளுக்குப் புரியவில்லை; அப்பா பெயர் மட்டும் காதில் விழுந்திருந்தது.

"யாரோ செத்துட்டாங்களாம். நேரா நில்லு."

அவர் மனசுக்குள் எண்ணத் தொடங்கினார். ஒரு நிமிஷம் என்றால் ராணுவத்தில் அறுபது. அவர் நினைத்துக்கொண்டது தன்னை அல்ல. அதே ஷெல்லில் பக்கத்திலேயே செத்துப்போன, கல்யாணத்துக்கு லீவு வாங்கியிருந்த வேணுவை நினைத்துக்கொண்டார். அவன் பெயரை இங்கே யாரும் விசாரிக்கவில்லை. இருபத்திரண்டு எண்ணும்போது அமைச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்து நாலில் உட்கார்ந்தார். அமைச்சர் உட்கார்ந்தால் நிமிஷம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். நானூறு பேரும் உட்கார்ந்தார்கள். ராஜவேல் மட்டும் இருபத்தைந்து, இருபத்தாறு என்று நின்றுகொண்டிருந்தார்.

மேடையில் வள்ளியம்மையின் தோளில் பொன்னாடை விழுந்தது. காமிராக்கள் மின்னின. குங்குமத்தைப் பார்த்து அமைச்சரின் மனைவி கொஞ்சம் குழம்பினாற்போலிருந்தது. அதற்குள் ஜெயராம், துயரத்தை விழுங்கிக்கொண்டு இரண்டே இரண்டு வார்த்தை பேசும்படி மைக்கை வள்ளியம்மையிடம் நீட்டினார்.

இப்படிப்பட்ட அம்மாக்கள் மைக்கைப் பார்த்து அழுதுவிட்டு இறங்குவதுதான் வழக்கம். வள்ளியம்மை மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"எங்க வூட்டுக்காரரு சாவல," என்றாள். "தோ, கடைசியில நிக்கிறாரு பாருங்க."

உடனே இடி மாதிரி கைதட்டல். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெயராம் மைக்கைத் தாவிப் பிடுங்கினார். இப்படி ஒரு வரி அவருக்கே தோன்றவில்லையே என்கிற பொறாமை முகத்தில் தெரிந்தது. "கேட்டீர்களா! வீரனுக்கு ஏது சாவு? நிற்கிறார்! எல்லையில் நிற்கிறார்! நம் இதயத்தில் நிற்கிறார்! இந்த அரங்கத்தின் கடைசி வரிசையிலும் நிற்கிறார்!" அமைச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வள்ளியம்மை மறுபடியும் ஏதோ சொன்னாள். மைக் அவள் கையில் இல்லை. அவள் விரலை நீட்டிக் காட்டிக்கொண்டே நின்றாள். அதுவும் போட்டோவில் நன்றாக விழுந்தது.

மேடையைப் பார்த்ததில் எண்ணிக்கை தவறி, மறுபடி முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்த ராஜவேல் நாற்பத்தொன்றில் இருந்தபோது முதுகில் யாரோ தட்டினார்கள். பின்வரிசையில் ஒரு பெரியவர். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சார், கொஞ்சம் உக்காருங்கோ. அந்தப் பொண்ணு முகம் தெரியலே, மறைக்கறது."

வைஷ்ணவி திரும்பினாள். அவளுக்கு இப்போது எல்லாம் புரிந்துவிட்டிருந்தது. "அங்கிள், அம்மா சொன்னது இவரைத்தான். இவர்தான் ராஜவேல். எங்க அப்பா."

பெரியவருக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். "ஆமாண்டா கண்ணா. நம்ம எல்லாருக்குமே அவர் அப்பா மாதிரிதான். இந்த மாமாவைக் கொஞ்சம் உக்காரச் சொல்லு."

செயற்கைக் கால் பொருந்துகிற இடத்தில் வலி பிடுங்கத் தொடங்கியிருந்தது. அடுத்தவருக்கு மறைத்துக்கொண்டு நிற்பதும் அவருக்குக் கூச்சமாக இருந்தது. போதும் என்று ராஜவேல் நாற்காலியின் கைப்பிடியைத் தேடினார். வைஷ்ணவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உக்காராதீங்கப்பா."

சொல்லிவிட்டு, அவள் செருப்பைக் கழற்றிப்போட்டுத் தன் நாற்காலியின் மேல் ஏறி, குதிகாலைச் சேர்த்து, அவர் தோளுக்குச் சமமாக நின்றாள். பின்னால் இருந்த பெரியவருக்கு அதற்கப்புறம் மேடை தெரியவே இல்லை.