வெள்ளிச் சரிகை வார்

இருதயமேரி புருஷனின் வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் தம்பி பச்சைமுத்து அந்த வெள்ளிச் சரிகை வாரைக் கையின் அடியில் நுழைத்து, பிணத்தின் மார்புக்குக் குறுக்கே இழுத்துக் கொக்கியை மாட்டினான். விழுப்புரம் ஆஸ்பத்திரியிலிருந்து பிரான்சிஸின் உடம்பு திண்டிவனம் வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

"கலெக்டர் ஆபீஸ் டவாலி மாதிரி கீறாரு மாமா" என்றான் பச்சைமுத்து. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

உயிரோடு இருந்தபோது அந்த வார் பிரான்சிஸுக்குத் தொளதொளவென்று தொடை வரை தொங்கும். யாரோ ஆறடி ஆளுக்குத் தைத்தது. இப்போது அளவெடுத்த மாதிரி உட்கார்ந்திருந்தது.

பழைய சாமான் கிடங்கில் லோடு இறக்குகிற வேலை அவனுக்கு. பாண்டிச்சேரி பங்களா ஒன்றிலிருந்து வந்த தகரப் பெட்டியில் இந்த வார் கிடந்தது. ஜெர்மனிக் குதிரைப்படைக்காரர்கள் விசேஷத்துக்குப் போட்டுக்கொள்வது என்று கடைக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் சொன்னார். அன்றிலிருந்து பிரான்சிஸுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. பொங்கலுக்கு முதலாளி துணி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வாள் குஞ்சம், தோள் பட்டை, குதிரையைக் குத்தக் குதிகாலில் மாட்டும் முள் என்று எதையாவது கேட்டு வாங்கி வருவான். எல்லாம் கண்ணாடி பீரோவில் இருந்தன. வாரின் உள்பக்கம் மசியில் ஒரு பெயர் இருந்தது. அந்த எழுத்தை வாசிக்க அங்கே ஆளில்லை. அந்தப் பெயருக்குரியவரை 'அவரு' என்பான் பிரான்சிஸ்.

தன்னைச் சவப்பெட்டியில் வைக்கும்போது வாரை மாட்டிவிடச் சொல்லியிருந்தான். அவளும் சரி என்றிருந்தாள். ஆனால் ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கண் திறந்தவன், கட்டில் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"தள்ளி நில்லு மேரி, மிதிச்சிடும்."

"எது?"

"குதிரை. புடிச்சிக்கினு நில்லுன்றாரு அவரு."

அவள் குனிந்து பார்த்தாள். தரை வெறுமையாக இருந்தது. வார்டில் மட்டும் ஈரக் கொள்ளு நாற்றம்.

"கழட்டு அத" என்றாள் இப்போது.

மகன் சித்தார்த்தன் நிமிர்ந்தான். "அப்பாகிட்ட வாக்கு குடுத்தியேம்மா."

"குடுத்தேன்."

"ஆசப்பட்டதாச்சே அக்கா, இருந்துட்டுப் போவட்டும்" என்றான் பச்சைமுத்து.

"உசுரோட இருந்த வரைக்கும் கண்டவன் மூட்டையெல்லாம் தூக்கினாரு. அங்க போயும் எவனோ ஒருத்தன் குதிரைய புடிச்சிக்கினு நிக்கணுமா? எம்புருஷன் தனியா போவட்டும்."

கொக்கி வரவில்லை. லோடு கயிற்றின் முடிச்சையெல்லாம் அவிழ்க்கிற பச்சைமுத்துவின் விரல்கள் வழுக்கின. அவள் கோடித்துணி வெட்டிய கத்தரியை எடுத்தாள். சரிகை அறுபடும்போது உள்ளே சிவப்புத் தோல் ஈரமாக இருந்தது. துண்டுகளைப் பீரோவில் போட்டுப் பூட்டினாள். பெட்டியை மூடினார்கள்.

முன்னால் சித்தார்த்தனும் பச்சைமுத்துவும், பின்னால் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேர். தூக்கி நாலு வீடு தாண்டவில்லை, பச்சைமுத்து நின்றான். பிரான்சிஸோடு ஜோடி சேர்ந்து இருபது வருஷம் லோடு இறக்கியவன். தோளில் வைத்ததும் எடை சொல்கிற ஆள். அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"இன்னா மாமா?" என்றான் சித்தார்த்தன்.

"ஒண்ணுமில்ல." பச்சைமுத்து தலையைத் திருப்பாமல் மெதுவாகக் கேட்டான். "அக்கா, ரெண்டு ஆளு கனம் கீது. பொட்டிக்குள்ள வேற எதனா வச்சியா?"

"இல்லியே."

அவன் பெட்டியைத் தோளில் இன்னும் உள்ளே தள்ளி வைத்துக்கொண்டான். பின்னால் நின்றவர்கள் பக்கம் பெட்டி தாழ்ந்தது.

இருதயமேரி முந்தானையைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டாள். பெண்கள் தூக்குகிற வழக்கம் அந்தத் தெருவில் கிடையாது. பெட்டிக்கு அடியில் நுழைந்து நடுவில் தோள் கொடுத்தாள்.

 பெட்டி நகர்ந்தது.