அறை வெப்பநிலை

ஞாயிற்றுக்கிழமை காலை நான் ரயிலுக்குக் கிளம்பும்போது அம்மா ஆராதனைக்குப் புடவை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கிருமி உனக்கு ஒரு நாள் லீவு குடுக்காதா?"

"நாளைக்கு மீட்டிங்மா."

வாரம் முழுக்க ஷூ கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவள். என் டப்பாவில் சோறு போட்டுக் கொடுத்தாள். ஆம்பூரிலிருந்து காட்பாடி வரைக்கும் பெட்டியில் ஆள் குறைவு. வேலூரில் எங்கள் ஆய்வகத்தில் ஆளே இல்லை.

நான் வேலை செய்வது சீதபேதியை உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவில். அதன் நோய் மரபணுக்களுக்கு முன்னால் டிஎன்ஏ ஓரிடத்தில் வளைந்திருக்கும். ஒரு புரதம் அந்த வளைவைக் கண்டுகொண்டு அதன் மேல் உட்கார்ந்துவிடும். எழுத்து எழுத்தாகப் படிப்பதைவிட வளைவைத்தான் அது தேடுகிறது. அது உட்கார்ந்திருக்கும்வரை அந்த மரபணுக்கள் மூடியிருக்கும், பாக்டீரியா தண்ணீரில் சாதுவாகக் கிடக்கும். மனித உடம்புக்குள் போனதும் சூட்டில் வளைவு தளரும். புரதம் பிடியை விடும். நோய் தொடங்கும்.

அந்தப் பிடியைப் படமாகக் காட்டுவது என் வேலை. புரதத்தையும் டிஎன்ஏவையும் கலந்து வைத்து, ஜெல் என்னும் மெல்லிய கூழ்ப் பலகையில் மின்சாரம் விட்டு ஓட்ட வேண்டும். புரதம் பிடித்திருந்தால் டிஎன்ஏ வேகமாக ஓட முடியாமல் மேலேயே நிற்கும். ஆய்வகத்தில் எனக்கு மூத்தவளான நிஷா அக்கா ஜனவரியில் இதே அறையில் செய்தபோது நின்றது. அக்கா ஏசி இருக்கும் பக்கத்துக் கட்டடத்துக்கு மாறி, நான் செய்யத் தொடங்கியபின் ஒருமுறையும் நிற்கவில்லை.

"நீ எடுத்த புரோட்டீன் செத்துப்போச்சுடி" என்றாள் அக்கா.

ஆய்வகத்தை நடத்தும் தேவசகாயம் சார் கோபப்படவில்லை. "திங்கக்கிழமைக்குள்ள வரலைன்னா பெங்களூர்ல ஒருத்தர்கிட்ட இந்த வேலையக் குடுத்துடலாம். நீ பாக்டீரியா வளக்குற கல்ச்சர் வேலைய மட்டும் பாத்துக்கோம்மா" என்றார்.

பாக்டீரியாவை வளர்த்து, உடைத்து, அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்தவள் நான். அந்தக் கட்டடத்தில் என்னுடையது என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

அக்கா புத்தகத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்த முறைப்படியே மறுபடி கலந்தேன். 'அறை வெப்பநிலையில் வைக்கவும்' என்று இருந்தது. மேசை மேல் வைத்தேன். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை. அக்னி நட்சத்திரம். மின்விசிறி அனல் காற்றைச் சுற்றிச் சுற்றி அனுப்பியது.

நேரம் ஆனதும் குழாயைக் கையில் எடுத்தேன். எடுத்ததே தெரியவில்லை. சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. விரலுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாத மாதிரி இருந்தது.

அப்படியே நின்றேன். பிறகு தெர்மாமீட்டரை மேசை மேல் வைத்துப் பார்த்தேன். முப்பத்தேழு டிகிரியைத் தாண்டியிருந்தது. மனித உடம்பின் சூடு.

புரதம் சாகவில்லை. மனித உடம்புக்குள் வந்துவிட்டதாக நினைத்துப் பிடியை விட்டுக்கொண்டிருந்தது.

புதிதாகக் கலந்து, பாதிக் குழாய்களை மேசையிலும் பாதியை ஐஸ் போட்ட தண்ணீரிலும் வைத்தேன். ஜெல்லைக் குளிர் அறைக்குள் ஓட்டினேன். படத்தில் மேசைக் குழாய்கள் எல்லாம் கீழே ஓடியிருந்தன. ஐஸ் தண்ணீரில் இருந்தவை மேலே, கெட்டியான கோடுகளாக நின்றன.

"நின்னுடுச்சு" என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. அன்று அங்கே நான் பேசிய முதல் வார்த்தை.

அரக்கோணத்தில் வீட்டிலிருந்த அக்காவுக்குப் போன் செய்தேன். பின்னால் குழந்தைகள் சத்தம்.

"இன்னாடி, ஞாயித்துக்கெழமைல? சீக்கிரம் சொல்லு, கொழம்பு அடுப்புல கீது."

உன் முறையில்தான் தப்பு என்று எப்படிச் சொல்வது?

"ஒண்ணுமில்லக்கா. நாளைக்கு சொல்றேன்."

டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன். படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை மீட்டிங்கில் படத்தை சார் முன்னால் வைத்தேன். "எப்படிம்மா வந்துச்சு?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். நான் சொல்லாவிட்டால் யாருக்கும் காரணம் தெரியாது, படமும் தற்செயலாகிவிடும்.

"சொல்லேன்டி, நாங்க இன்னா கடிச்சா திங்கப் போறோம்?" என்றாள் அக்கா.

"ரூம் டெம்பரேச்சர் சார். நம்ம ரூம் இப்ப ஒடம்பு சூடு. அதான் விட்டுடுது."

ஜோவின் சிரித்தான். அவன் சாரிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருப்பவன். "புஸ்தகம் எழுதனவன் ரூம் வேற, வேலூர் ரூம் வேற சார்!"

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "நான் ஸ்வெட்டர் போட்டுக்கினு பண்ணேன்டி அப்ப! நேத்தே வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?" அவளும் சிரித்தாள். நான் பயந்ததற்கு அங்கே இடமே இருக்கவில்லை.

சார் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பெங்களூருக்கு வேணாம். நீயே பண்ணு. ஒவ்வொரு டிகிரியா ஏத்தி, எங்க விடுதுன்னு பாரு. புரோட்டீன் போதுமா?"

"போதும் சார்."

வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டே எல்லோரும் டீக்கு இறங்கிப் போனார்கள். ஜோவின் இன்னும் எதையோ சொல்ல, படிக்கட்டில் மறுபடியும் சிரிப்பு. நான் ஐஸ் எடுக்க வாளியோடு மறுபக்கம் நடந்தேன்.