ஓர் ஆள் எடை

ஆலாத்தீவுக்குத் தன்னாட்சி கொடுப்பதற்கு முன் அதை எடை போட்டார்கள். சின்னத் தீவுகளுக்கெல்லாம் அதுதான் முறை. எடை சரியாக இருந்தால் கொடி கிடைக்கும். குறைந்தால், தீவைக் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருக்கும் கனமான தீவோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். போன வருடம் சிப்பித்தீவைப் பெருந்தீவோடு அப்படித்தான் கட்டினார்கள். அந்த ஊர் மீனவர்கள் இப்போது பெருந்தீவுக்காரர்களின் கொல்லைப்புறத்தில் அனுமதி கேட்டுத்தான் கடலுக்குப் போகிறார்கள்.

அரசியலமைப்பு ஆணையம் தராசோடு கப்பலில் வந்தது. கலங்கரை விளக்கத்தின் கழுத்தில் சங்கிலியை மாட்டித் தீவைத் தண்ணீருக்கு மேல் ஒரு முழம் தூக்கினார்கள். பானைகளை இறக்கி வைக்கும்படி முந்தின நாளே தண்டோரா போட்டிருந்ததால் யார் வீட்டிலும் குழம்பு சிந்தவில்லை. மறுதட்டில் லண்டனிலிருந்து வந்த எடைக்கற்கள். எடைக்கல் எப்போதும் அவர்களுடையதுதான்.

ஓர் ஆள் எடை குறைந்தது.

கஸ்பார் இதைத் தன் வள்ளத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மண் விடுதலையாகும்வரை இதில் கால் வைப்பதில்லை என்று இருபது வருடங்களுக்கு முன் ஊரார் முன்னிலையில் சத்தியம் செய்துவிட்டு வள்ளத்தில் ஏறியவர் அவர். அதன்பின் இறங்கவே இல்லை. கரைக்குக் கூப்பிடு தூரத்தில் நங்கூரம். வள்ளத்திலேயே துண்டுப் பிரசுரம் எழுதுவார், சிறிய அச்சுப்பொறியில் தானே அச்சடிப்பார். அவரோடு கோஷம் போட்டவர்களில் ஒருவர் சுங்க அதிகாரியானார். இன்னொருவர் கவர்னரின் குதிரைகளுக்குப் பெயர் சூட்டும் குழுவில் உறுப்பினரானார். கரையிலிருந்து அவர்கள் கும்பிட்டால் கஸ்பார் மறுபக்கம் திரும்பிக்கொள்வார்.

மாலையில் மறுபடி நிறுத்துப் பார்ப்பதாக ஆணையம் அறிவித்தது. மக்கள் வயிறு முட்டச் சாப்பிட்டார்கள். பயனில்லை. அரிசி பர்மாவிலிருந்து வந்தது; தராசோ தீவில் பிறந்ததை மட்டுமே உணரும். கடலடிப் பாறைகளைக் கொண்டுவந்து குவித்தார்கள். முள் அசையவில்லை. கஸ்பார் இருபது வருடத்துப் பிரசுரங்களையும் மூட்டை கட்டிக் கரைக்கு அனுப்பினார்.

சற்று நேரத்தில் அவர் மனைவி மரியபுஷ்பம், தினமும் சோறு கொண்டுவரும் சின்னத் தோணியில் வந்தாள்.

“முள்ளு அசையலங்க.”

“எல்லா மூட்டையும் வச்சாங்களா?”

“வச்சாங்க. தாளு இங்கிலாந்துத் தாளாம். மை கல்கத்தாவாம்.”

“எழுதினது நான்லா?”

“அதையும் சேத்துத்தான் நிறுத்தாங்களாம்.”

கஸ்பார் விரலில் ஒட்டியிருந்த மையை வேட்டியில் துடைத்தார்.

“இங்க பொறந்தது, அங்க இல்லாதது, நீங்க ஒரு ஆளுதான்,” என்றாள் புஷ்பம். “வாங்க.”

“கால் வச்சா சத்தியம் போச்சு, புஷ்பம். செத்தாலும் வைக்க மாட்டேன்.”

“வைக்காட்டி ஊரே போயிரும். பெருந்தீவுக்காரன் கொல்லையில நின்னு கையைக் கட்டிக்கிட்டு வழி கேக்கணும். அதுக்கா இருபது வருசம் சோறு சொமந்தேன்?”

அவர் நங்கூரக் கயிற்றை இன்னொரு முறை இறுக்கிக் கட்டினார்.

“கால் வைக்க வேண்டாம். என் முதுகுல ஏறிக்கோங்க.”

“பெண்டாட்டி முதுகுல ஏறி சுதந்திரம் வாங்கினான்னு எழுதுவானுவ.”

“இந்த ஊருல எழுதுறது நீங்க ஒருத்தர்தான? எழுதாம விட்டுருங்க.”

கரையில் ஊர் முழுவதும் நின்றது. சுங்க அதிகாரி நின்றார். குதிரைக்குப் பெயர் வைப்பவர் நின்றார். கவர்னர் பெல்லமி துரை வெள்ளைத் தொப்பியோடு நின்றார். மரியபுஷ்பம் கணவரை முதுகில் ஏற்றிக்கொண்டு, ஒரு முழம் உயர்ந்திருந்த தீவின் விளிம்பைப் பிடித்து ஏறினாள். கஸ்பார் கால்கள் இரண்டையும் மடக்கி வைத்துக்கொண்டார். கூட்டத்தில் யாரையும் அவர் பார்க்கவில்லை. முள் ஒருமுறை நடுங்கி நேராக நின்றது.

ஆணையத்தின் தலைவர் தலையசைத்தார். தீவைத் தண்ணீரில் இறக்கிவிட்டுக் கொடியை ஏற்றினார்கள்.

“எறங்குங்க. மண்ணு நம்ம மண்ணு ஆயிட்டு,” என்றாள் புஷ்பம்.

“பொறு. கொடி முழுசா ஏறட்டும்.”

ஏறிய பிறகு இறங்கினார். தரை ஆடாமல் நின்றதில் அவருக்குத் தலை சுற்றியது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்.

ஆணையம் புறப்பட்டபோது பெல்லமி துரை கப்பலில் ஏறவில்லை. காலியாகக் கிடந்த வள்ளத்தில் ஏறினார். இந்தத் தீவு மறுபடி காலனியாகும்வரை இதில் கால் வைப்பதில்லை என்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு உரக்கச் சத்தியம் செய்தார். கஸ்பார் ஜன்னல் வழியாகக் கேட்டார். சத்தியத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

மறுநாள் மதியம் புஷ்பம் பழக்கத்தில் வள்ளத்துக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, துரை அச்சடித்த, மை காயாத பிரசுரம் ஒன்றோடு திரும்பினாள். ஒரே ஒரு தாள்தான். அதை இரண்டு கைகளாலும் தாங்கி, வழியில் ஓரிடத்தில் இறக்கி வைத்து இளைப்பாறிவிட்டு வந்திருந்தாள்.

கஸ்பார் சாப்பிட உட்கார்ந்திருந்தார். தாளை மேசைமேல் வைத்ததும் மேசையின் ஒரு கால் மண் தரைக்குள் நாலு விரற்கடை இறங்கியது. அவர் அதை முழுவதும் படித்தார்.

“எழுத்து கொஞ்சம் மங்கலா இருக்கு. நாளைக்குப் போறப்ப மை கொண்டு போ,” என்றார்.

பிறகு, சரியும் தட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார்.