குஞ்சம்மாள் வீட்டுக் குழாய்

எங்கள் தெருவில் நாற்பது வீட்டுக்கும் குழாய் உண்டு. தண்ணீர்தான் கிடையாது. மூன்று வருடத்துக்கு முன்பு அரசாங்கத்திலிருந்து வந்து தெருவைத் தோண்டி, குழாயை நட்டு, பக்கத்தில் எங்களை நிற்கவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்கள்தான். அப்புறம் ஒருத்தன் எட்டிப் பார்க்கவில்லை.

தண்ணீருக்கு ராமசாமி கவுண்டர் கிணறுதான் கதி. போன ஆவணியில் பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள் அதன் படியில் வழுக்கி விழுந்து செத்தாள். ஒண்டிக்கட்டை. அதற்கப்புறம்தான் அவள் வீட்டுக் குழாய் மூச்சு விட ஆரம்பித்தது. காலை ஆறு மணிக்கு ஊர்த் தண்ணீர் டேங்க் திறந்ததும் இழுத்து இழுத்து ஒரு சத்தம், தண்ணீர் கேட்டு ஏங்குகிற மாதிரி. தெருவே கேட்டது.

நான் விடிவதற்குள் நடவுக்குப் போய்விடுவேன். அதனால் பத்தாவது படிக்கிற என் மகள் அபிநயாதான் அதே படியில் இறங்கினாள். வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அவள் ஏறி வந்துவிட்டாள் என்று தெரியும்வரை எனக்கு வேலை ஓடாது.

தெருவுக்குப் பெரியவர் ராஜாங்கம். வீட்டுக்கு வீடு வரி வசூலித்து, பூசாரியை வைத்து மந்திரித்து அந்தக் குழாயைக் கட்டிவிடலாம் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னா மாமா பேசறீங்க? நாப்பது பொம்பளைங்க தண்ணிக்கு நடந்தே பாதி நாள் கூலிய வுடறோம். பொண்ணுங்களுக்குப் படிப்பு போவுது. ஒரு உசுரும் போச்சு. அதெல்லாம் சேத்துப் பாருங்க, பைப்ப சரி பண்றது கம்மியா, ஜாஸ்தியா?"

"குஞ்சம்மாவுக்கு யாருடி பதில் சொல்றது?"

"என் பொண்ணு வுழுந்தா யாரு சொல்லுவா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பைப்புக்கே வரியை வசூலிக்கக் கிளம்பினார். அந்த வரிப் பணத்தில் தியாகதுருகத்திலிருந்து பிளம்பர் தீனதயாளனைக் கூட்டிவந்து தெருமுனையைத் தோண்டினோம். எங்கள் பைப்பு மெயின் பைப்புக்கு இரண்டு முழம் முன்னாலேயே நின்றுவிட்டிருந்தது. முனையில் மூடி போட்டு மண்ணைத் தள்ளியிருந்தார்கள். இணைக்கவே இல்லை. இரண்டு முழப் பைப்புக்கா அவள் செத்தாள் என்று நான் குழியோரம் உட்கார்ந்து அழுதேன்.

சத்தத்தைப் பற்றிச் சொன்னதும் தீனதயாளன் நிமிர்ந்து பார்த்தான். "இதுல காத்துகூட வராதேக்கா," என்றான். அந்த இரண்டு முழத்தையும் அன்றைக்கே இணைத்துக் கொடுத்தான்.

மறுநாள் காலை தண்ணீர் வந்தது. குஞ்சம்மாள் வீட்டுக் கீற்றுத் தடுப்புக்குள்ளிருந்து தெருவுக்கு வழிந்து ஓடியது. போய் மூட ஒருத்திக்கும் தைரியம் இல்லை. நான் போனேன்.

குழாய் முழுசாகத் திறந்திருந்தது. வாயில் வெள்ளைத் துணி வடிகட்டி. கீழே அவளுடைய குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஒரு குடத்தை இங்கே வைத்துவிட்டுத்தான் இன்னொரு குடத்தோடு கிணற்றுக்குப் போயிருக்கிறாள். திரும்பி வருவதற்குள் தண்ணீர் வந்துவிடும் என்று நம்பியிருக்கிறாள், பாவி மகள்.

குழாயை மூட எனக்குக் கை வரவில்லை.