நிலைக்காலில் பத்தாவது வெட்டு

செத்துப்போனவனுக்கு நாற்காலி போட்டு, அதில் பலூனும் கட்டி, பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டு படம் பிடிக்கிற காலம் இது. அழுகிற நேரத்தில் அழுது முடிப்பதுமில்லை, சிரிக்கிற நேரத்தில் ஒழுங்காய்ச் சிரிப்பதுமில்லை. இரண்டையும் ஒரே மத்தியானத்தில் தள்ளிவிட்டு வீடு போய்ச் சேர வேண்டும். பெயிண்டருக்கு இதையெல்லாம் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

மகள் வீட்டில் பேத்திக்குப் பத்தாவது பிறந்தநாள். கேக் வைத்த மேஜைக்குப் பக்கத்து நாற்காலியில் தச்சரின் போட்டோவைச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஏழு மாதத்துக்கு முன்னால் தூக்கத்திலேயே போன மனுஷன்.

“எதுக்கும்மா இந்தக் கூத்து?” என்று மகளைக் கேட்டார்.

“மாமா இல்லாம இவ பிறந்தநாள் எப்பப்பா நடந்திருக்கு? உக்காந்துட்டுப் போகட்டும். உங்ககிட்ட கேக்குல பங்கா கேக்குறாரு?”

தச்சர் ரத்த உறவில்லை. பெண்டாட்டி பிள்ளை இல்லாத ஒண்டிக்கட்டை. நாற்பது வருஷம் அவர் இழைத்த கதவுகளுக்கெல்லாம் பெயிண்டர்தான் வண்ணம் அடித்தார். பேசிக்கொண்டதைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம். பெயிண்டர் வேறு யாரையும் நம்பி வீட்டுச் சாவியைக் கொடுத்ததில்லை.

பேத்தியின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் தச்சர் மூலைமட்டத்தோடும் உளியோடும் வருவார். அவளுக்கு அவர் உளித் தாத்தா. அவரே இழைத்துப் போட்ட கூடத்துக் கதவின் இடது நிலைக்காலில் அவளை நிறுத்தி, தலைமேல் மூலைமட்டத்தை வைத்து, உளியால் ஒரு வெட்டு. கேக் அதற்கப்புறம்தான். பென்சில் ஆகாது அவருக்கு. “பென்சில் பொய் சொல்லும், அழிச்சா போச்சு. உளி சொல்லாது” என்பார். அவளை முடித்துவிட்டு வலது நிலைக்காலில் பெயிண்டரையும் நிறுத்துவார்.

“அவ வளர்றதைப் பாத்தாச்சு. நீ தேயுறதையும் பாப்போம். இந்த வருஷம் ஒரு நூல், அரைக்கால் அங்குலம் போயிருச்சுடா.”

“உன்னை அளந்துக்கோயேன்.”

“என்னை அளக்கணும்னா வேற தச்சன் பொறந்து வரணும்.”

அந்த உளியும் மூலைமட்டமும் இப்போது பெயிண்டரிடம் இருந்தன. இந்த வருஷம் அவர்தான் அளக்க வேண்டும் என்று பேத்தி பிடிவாதம். செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலை நிலைக்காலில் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

“மூச்சை இழுத்துப் பிடிச்சு உசரம் காட்டாதே. உளித் தாத்தாகிட்ட அந்தத் திருட்டுத்தனம் நடக்காது.”

“நீங்க உளித் தாத்தா இல்லையே, வேற தாத்தாதானே” என்றாள் அவள்.

மூலைமட்டத்தை அவள் தலையில் வைத்து, அதன் அடியில் உளியைக் கொண்டுபோனார். அழுத்தவே இல்லை. உளியின் முனை தானாக ஒரு பள்ளத்தில் போய் உட்கார்ந்தது.

பேத்தியை நகர்த்திவிட்டுக் குனிந்து பார்த்தார். அங்கே ஏற்கெனவே ஒரு வெட்டு இருந்தது. இடது ஓரம் ஆழமாய், வலது ஓரம் மெலிந்து, நகக்கீறல் மாதிரி. தச்சரின் வெட்டு அப்படித்தான் விழும், அவர் இடக்கைக்காரர்.

“மாப்பிள்ளை, இது உங்க வேலையா?”

“எனக்குக் காலண்டருக்கு ஆணி அடிக்கவே வராதுன்னு ஊருக்கே சொல்றீங்க மாமா. இப்ப உளி பிடிச்சேன்றீங்களா?”

பெயிண்டர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு மூக்கை வைத்து மோந்தார். இப்போது வெட்டியிருந்தால் உள்ளே மரம் வெளுப்பாய்த் தெரிய வேண்டும். வெட்டிவிட்டுத் தொட்டு அடித்திருந்தால் சுற்றிலும் பிரஷ் விளிம்பு காட்டிக்கொடுக்கும். இரண்டும் இல்லை. வெள்ளை எனாமல் நிலைக்காலிலிருந்து வெட்டுக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கி மறுபக்கம் ஏறியிருந்தது. பெயிண்டுக்கு முன்னால் வெட்டிய வெட்டு அது.

அந்தப் பெயிண்டை அடித்தவர் அவர்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால், தச்சர் போய் ஐந்து மாதம் கழித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இரண்டு கை அடித்தார். வெட்டுகள் அடைத்துக்கொள்ளக் கூடாதென்று ஒவ்வொன்றிலும் ஒரு தீக்குச்சியால் பெயிண்டை வழித்தெடுத்தார். இடது காலுக்கு ஒன்பது குச்சி, வலது காலுக்கு ஒன்பது குச்சி. பதினெட்டையும் அவர் கையாலேயே குப்பையில் போட்டார். படிப்பு ஏறாத தலைதான். பதினெட்டுவரை எண்ணத் தெரியாத தலை இல்லை.

பின்னால் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். திரும்பிப் பார்த்தார். எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். உட்கார்ந்திருந்தது போட்டோ மட்டும்தான்.

பத்தாவது வெட்டிலிருந்து விரலை மெல்ல மேலே ஓட்டினார். கண்ணுக்கு ஒன்றும் படவில்லை. விரலுக்குப் பட்டது. மூன்று விரற்கடை மேலே ஒன்று. அதற்கு மேலே ஒன்று. நிமிர்ந்துகொண்டே தடவினார். இடைவெளி குறையக் குறைய வெட்டுகள் ஏறிக்கொண்டே போயின. பெண்பிள்ளை வளர்ந்து நிற்கிற உயரத்துக்குப் போய், அங்கே ஒரே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாய் ஆழமாய் விழுந்திருந்தன, வளர்ந்து முடித்தவளை வருஷா வருஷம் நிறுத்தி அளந்த மாதிரி. அத்தனை வெட்டு.

சரி, பிள்ளை நல்லா இருப்பா. நெஞ்சு ஒரு கணம் இளகியது. அடுத்த கணம் கண் எதிர்ப்பக்கம் போனது. இடது காலில் இது என்றால், வலது காலில்?

“தாத்தா, இப்ப உங்க முறை” என்றாள் பேத்தி.

“எனக்கு வேணாம்.”

“உளித் தாத்தா விடமாட்டாரு.”

“அவன்தான் போயிட்டானே.”

“நான் இருக்கேன்ல” என்று மூலைமட்டத்தைப் பிடுங்கிக்கொண்டு முக்காலியை இழுத்துப் போட்டாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாட்டேன் என்று முறைத்தால் பிறந்தநாள் கெடும். பெயிண்டர் முதுகை நிலைக்காலில் ஒட்டினார். இரும்பு உச்சந்தலையில் சில்லென்று உட்கார்ந்தது.

“இங்கயும் இருக்கு. கரெக்டா இருக்கு தாத்தா.”

அவர் சட்டென்று விலகித் திரும்பினார். ஒன்பது வெட்டுக்குக் கீழே, ஒரு நூல் இறங்கிப் பத்தாவது.

“அதுக்குக் கீழயும் கையில என்னமோ தட்டுப்படுது. இருங்க, எண்ணிச் சொல்றேன்.”

“எண்ணாதே.”

அவர் குரலுக்கு மகள் கத்தியைக் கேக்கின் பக்கத்திலேயே வைத்துவிட்டாள். பெயிண்டர் கட்டைவிரலைப் பத்தாவது வெட்டுக்குக் கீழே அழுத்தி வைத்துக்கொண்டிருந்தார். விரலுக்கு அடியில் ஏதோ உறுத்தியது. ஒன்றா, இரண்டா, அதற்கும் மேலா, தெரியவில்லை. விரலை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினால் தெரிந்துவிடும். வருஷத்துக்கு ஒரு நூல் என்றால், கட்டைவிரல் அகலம் எத்தனை நூல் என்று தச்சரைக் கேட்டால் சொல்லுவார்.

“என்னப்பா ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. மரம் சுருங்கி வெடிச்சிருக்கு. நல்ல மரமா பாத்துப் போடுடான்னு அன்னைக்கே தலையால அடிச்சுக்கிட்டேன்.”

“வெடிப்பு இப்படியா வரிசையா வரும் மாமா?” என்றார் மாப்பிள்ளை.

“அப்ப அவன் குருட்டாம்போக்குல முன்னாடியே வெட்டி வச்சிட்டுப் போயிருப்பான். எனக்குக் கண்ணு மங்கிருச்சு, பாக்காம அடிச்சிருப்பேன். இதுக்குப் போயி எல்லாரும் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறீங்க. கேக்கை வெட்டுங்க.”

அவர்கள் வெட்டினார்கள், பாடினார்கள். பாட்டு முடியும்வரை அவர் விரலை எடுக்கவில்லை. பேத்தி வந்து வாயில் ஒரு துண்டு ஊட்டிவிட்டுப் போனாள். அவள் முதுகு திரும்பியதும், நிலைக்காலைப் பார்க்காமல் விரலை மட்டும் எடுத்தார். தச்சரின் நாற்காலியைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும்.

“போடா இவனே” என்றார், போட்டோவின் முகத்தைப் பார்க்காமல். “நீ சொன்னா நான் நம்பிடுவேனா?”

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். மரம்தான் சுருங்கியிருக்கிறது, வேறென்ன. தெருமுனை வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு போனார். என்றுமில்லாதபடி முதுகை நிமிர்த்தி, கழுத்தை நீட்டி, எட்டிய மட்டும் உயரமாக நடந்தார்.