செல்லத்தாய் வீட்டு வயிற்றுவலி

2024 ஆகஸ்ட் 6, செவ்வாய். நேற்று எழுதியதில் ஒரு பிழை. செல்லத்தாய் வீட்டுப் பரணில் இருக்கும் வயிற்றுவலிக்கு வயது முப்பத்தாறு என்று எழுதியிருக்கிறேன். முப்பத்தெட்டு.

யோகேஸ்வரி டைரியில் பிழையை அடித்துவிட்டு, திருத்தத்தையும் ஒருமுறை சரிபார்த்தாள். பகலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெராக்ஸ் கடை வேலை, மாலையில் பிழைதிருத்தும் வகுப்பு. தன் கணக்கை அவள் என்றுமே முழுசாக நம்பியதில்லை. சாதாரணச் சொல் ஒன்று பழைய செய்திகளில் எப்படிப் புழங்கியது என்று பார்த்து வரச் சொல்லியிருந்தார் வகுப்பெடுக்கும் இம்மானுவேல் சார், முன்பு பேப்பரில் வேலை பார்த்தவர். அவள் வயிற்றுவலியை எடுத்துக்கொண்டாள். பழைய பேப்பர் கட்டுகளில் ஆண்கள் கடனால் செத்தார்கள், வெட்டுக்குத்தில் செத்தார்கள், கிணற்றில் தவறி விழுந்து செத்தார்கள். கல்யாணமாகி ஓரிரு வருஷமே ஆன பெண்கள் தீராத வயிற்றுவலியால் மட்டுமே செத்தார்கள். ஆண்களுக்கு வயிறே இல்லை போலிருந்தது.

"அந்தக் காலத்துல அப்படித்தாம்மா," என்று சார் சிரித்தார். "காரணம் தெரியலன்னா வயிற்றுவலின்னு போடுவோம். தெரிஞ்சிருச்சுன்னா கண்டிப்பா வயிற்றுவலிதான்."

இராஜபாளையத்துச் சுந்தரம்மாளும் அப்படித்தான் செய்தியில் வந்தாள். புருஷன் அடித்ததில் செத்தாள் என்பது தெருவுக்கே தெரியும். பேப்பர் வந்த அன்று அதில் போட்டிருந்த வலியும் வீடு தேடி வந்தது. அதற்குள் அவளை எரித்துவிட்டிருந்தார்கள். நுழைய வயிறு கிடைக்காமல் அது பரணில் ஏறிப் படுத்துக்கொண்டு மத்தியானங்களில் முனகத் தொடங்கியது. வீட்டார் ஓமத்தண்ணீர் வைத்துப் பார்த்தார்கள், வெள்ளையடித்துப் பார்த்தார்கள், அப்புறம் மின்விசிறிச் சத்தம்போல் பழகிக்கொண்டார்கள். அதே புருஷனுக்கு இரண்டாந்தாரமாகச் செல்லத்தாய் வந்தபோது வலி கீழே இறங்கி அவளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பரணுக்கே திரும்பியது. அவளுக்கு ஏனென்று கேட்க ஐந்து அண்ணன்கள். வருஷங்கள் போயின. அவள் மகன் வைகுண்டராஜுக்கு யோகேஸ்வரியின் அக்கா முனீஸ்வரியைப் பெண் கேட்டு வந்த தரகர் எதையும் மறைக்கவில்லை. "சொந்த வீடு, வாசல்லயே பைப்பு, பரண்ல ஒரு பழைய வலி. ஆள ஒண்ணும் செய்யாது." தகப்பனும் அண்ணன் தம்பியும் இல்லாத வீட்டில் அதற்கு மேல் யாரும் விசாரிக்கவில்லை.

முனீஸ்வரி காலடி வைத்த அன்று முனகல் நின்றது. ராசியான மருமகள் என்று செல்லத்தாய் தெருவுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தாள். அடுத்த மாதம் வைகுண்டராஜ் கைநீட்டத் தொடங்கினான்.

இன்று வகுப்பு முடிந்து வந்ததும் அக்கா போன் செய்தாள்.

"ஏட்டி, மருந்துக்கடை ஆசிக் அண்ணன் கேக்காரு, வயித்துவலி எப்படிம்மா இருக்குன்னு. எனக்கு ஏதுட்டி வயித்துவலி? மூணு வேளையும் நல்லாப் பசிக்கி."

"அவருகிட்ட யாரு சொன்னாவ?"

"அத்தைதான். தெரு பூராம் சொல்லிட்டு வாராவ. மருமவளுக்குத் தீராத வயித்துவலியாம்."

தீராத. இந்த மாதம் முழுக்க யோகேஸ்வரி அடிக்கோடிட்டு வந்த சொல். செய்தி எழுதி முடிந்துவிட்டது. நடக்க வேண்டியதுதான் பாக்கி.

"இப்ப அவிய எங்க?"

"அத்தையும் மவனும் தேவதானத்துக்கு விசேஷத்துக்குப் போயிருக்காவ. நாளைக்கு மத்தியானம் வாராவ."

"பரண்ல உள்ளது?"

"எறங்கி வந்து எம் பக்கத்துல உக்காந்திருக்கு. அதப் பாத்தா பயமில்லட்டி. இந்த வீட்ல எங்கூட உக்காருறது அது ஒண்ணுதான்."

அப்படியானால் அதையும் அங்கே விட்டுவைக்கக் கூடாது என்று யோகேஸ்வரிக்குத் தோன்றியது. வலி வெளியேறிவிட்டால் அந்த வீட்டாருக்குச் சொல்லிக்கொள்ள ஒரு காரணமும் மிஞ்சாது. இது சரிதானா என்று இருமுறை யோசித்தாள். மூன்றாம் முறை யோசிக்காமல் டைரியை மறுபடி திறந்தாள்.

நாளை: கடைக்கு லீவு சொல்ல வேண்டும். முதல் பஸ்ஸில் இராஜபாளையம். அக்காவைக் கூட்டி வர வேண்டும். வலியையும்.