பெற்றோர் இல்லாத லோடர்

எங்கள் கம்பெனியில் யாரையும் வேலையை விட்டுப் போகச் சொல்ல மாட்டார்கள். ஆபீசுக்கு வாருங்கள் என்று அன்போடு கூப்பிடுவார்கள். அப்படி ஒரு அன்பான மெயில் எனக்கும் வந்தது. வீட்டிலிருந்து வேலை பார்த்த காலம் முடிந்தது, ஒன்றாம் தேதி முதல் எல்லோரும் சென்னையில் வந்து உட்கார வேண்டும், முகம் பார்த்துப் பேசினால்தான் புதிய எண்ணங்கள் பிறக்கும் என்று எழுதியிருந்தார்கள். அந்த ஆபீசில் நான் இருந்த வருடங்களில் முகம் பார்த்துப் பேசிய ஒரே விஷயம், மைக்ரோவேவில் யார் டப்பா முதலில் என்பதுதான்.

என் கணவர் அன்பரசன் விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் ஃபியூஸ் கட்டை செய்யும் சின்ன யூனிட் வைத்திருக்கிறார். மண்ணும் சூளையும் ஆட்களும் இங்கே. அவற்றை மூட்டை கட்டிக்கொண்டு சென்னைக்கு வர முடியாது. அதனால் கல்யாணமான பிறகும் நான் வேளச்சேரி ஹாஸ்டலில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் குடும்பம் நடத்தினோம். மகள் வெண்பா பிறந்து ஆறு மாத லீவு முடிந்ததும் குழந்தையை நாத்தனார் அமிர்தத்திடம் விட்டுவிட்டு மறுபடி ஹாஸ்டலுக்குப் போனேன். அமிர்தம் அண்ணிக்குக் குழந்தை இல்லை. கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

வெண்பாவுக்குப் பதினொரு மாதம் இருக்கும். ஒரு ஞாயிறு ரயிலில் வந்து இறங்கி ஆசையாகத் தூக்கினேன். வீறிட்டு அழுதது. அண்ணியைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டி "அம்மா" என்றது. அதுதான் அது பேசிய முதல் வார்த்தை. அண்ணி பதறிப் போனார். "நான் சொல்லித் தரல இளமதி, அதுவாதான் சொல்லுது," என்றார். அடுத்த மாதமே ஊரடங்கு வந்து நான் வீட்டோடு வந்து சேர்ந்தேன். கொரோனாவுக்கு மனதார நன்றி சொன்ன பாவி இந்த மாவட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இப்போது வெண்பா ஒன்றாம் வகுப்பு. மறுபடி ஞாயிற்றுக்கிழமை அம்மாவாக என்னால் முடியாது.

மெயிலின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வழி இருந்தது. டீம் லீடர் பரிந்துரைத்தால் விதிவிலக்கு உண்டாம். என் டீம் லீடர் குருமூர்த்தி. நாற்பத்திரண்டு பக்கத்துக்குக் குறைந்து எதையும் எழுதாதவர்.

"பிளகின் வெள்ளிக்கிழமைக்குள்ள ஓடட்டும் இளமதி. கண்டிப்பா ரெகமெண்ட் பண்றேன்," என்றார்.

பிளகின் கதையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் எழுதும் புரோகிராமையெல்லாம் திரட்டி, சரிபார்த்து, பொட்டலம் கட்டித் தரும் சாப்ட்வேருக்குப் பில்ட் டூல் என்று பெயர். அதற்குள் உட்கார்ந்து கூடுதலாக ஒரு வேலை செய்யும் துண்டுதான் பிளகின். எங்கள் கஸ்டமர் எலக்ட்ரிகல் சாமான் விற்பவர். அவருடைய ப்ராஜெக்டில் ஒவ்வொரு சாமானுக்கும் கிளாஸ் என்று ஒரு சின்னப் புரோகிராம் எழுதியிருக்கிறோம். அளவு என்ன, எடை என்ன, எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பொட்டலம் கட்டும்போது என் பிளகின் அந்தக் கிளாஸ்களையெல்லாம் எடுத்துப் பார்த்துப் பட்டியல் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஆனால் பிளகின் ப்ராஜெக்டின் நடுக்கூடத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் ப்ராஜெக்டின் கிளாஸ் ஒன்றுகூட அதன் கண்ணில் படாது. கிளாஸ்களை எடுத்து வந்து தருவதற்கு லோடர் என்று ஒரு வேலையாள் உண்டு. பிளகினின் லோடர் பிளகினுக்கு உரியதை மட்டும்தான் கொண்டுவரும். அதனால் ப்ராஜெக்டின் கிளாஸ்களைக் கொண்டுவரப் புதிதாக இன்னொரு லோடரை உண்டாக்க வேண்டும். இது பத்து வரி வேலை.

புது லோடருக்குப் பெற்றோர் என்று ஒரு பழைய லோடரைக் காட்டலாம். எதைக் கேட்டாலும் அது முதலில் "உங்களிடம் இருக்கிறதா?" என்று பெற்றோரைக் கேட்கும். இல்லை என்றால்தான் தானே தேடும். நல்ல வளர்ப்பு. ஆனால் இந்த வேலைக்காகக் குருமூர்த்தி எழுதிய டாக்குமென்டில் பதினேழாம் பக்கம் இப்படிச் சொன்னது: புதிய லோடருக்குப் பெற்றோர் இருக்கக் கூடாது, அது தனித்தும் தூய்மையாகவும் இயங்க வேண்டும். அதை யாரும் படித்ததில்லை. டைரக்டர் கையெழுத்து மட்டும் போட்டிருந்தார்.

அப்படியே செய்தேன். ஓட விட்டேன். 'சாமான் என்பதைச் சாமானாக ஏற்க முடியாது' என்று பிழை வந்தது.

இரண்டு பக்கமும் ஒரே பெயர். எழுத்துக்கு எழுத்து ஒன்று. எல்லாச் சாமானுக்கும் அடிப்படையான, சாமான் என்ற பொதுவான கிளாசைப் பிளகினின் லோடர் ஏற்கெனவே ஒருமுறை கொண்டுவந்து வைத்திருக்கிறது. அநாதை லோடருக்குக் கேட்க ஆளில்லாததால் அதுவும் போய் இன்னொன்றைத் தூக்கி வந்திருக்கிறது. கம்ப்யூட்டருக்குப் பெயர் மட்டும் ஒன்றாக இருந்தால் போதாது. கொண்டுவந்தது யார் என்றும் பார்க்கும்.

அந்த வரியை மூன்று முறை படித்துவிட்டு லேப்டாப்பை மூடினேன். இதே பிழையை நான் ஒருமுறை கைக்குழந்தையின் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். அம்மாவை அம்மாவாக ஏற்க முடியாது என்று அழுதது அது. அன்றைக்குப் பட்ட வலி அப்படியே திரும்பி வந்தது.

குருமூர்த்தி அந்தப் பிழையைப் படமெடுத்து ஆபீஸ் குரூப்பில் போட்டார். "பேரு ஒண்ணுதானே, அப்புறம் என்ன பிராப்ளம்?" என்று கீழே எழுதி, சிரிக்கும் முகம் ஒன்றும் வைத்தார். பதினொரு பேர் பதிலுக்குச் சிரித்தார்கள். அதில் நான்கு பேர் கேன்டீன் நிர்வாகம்.

செவ்வாய்க்கிழமை அவருக்கு போன் செய்து விளக்கினேன். பதினேழாம் பக்கத்தை மீறி ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும், புது லோடருக்குப் பிளகினின் லோடரைப் பெற்றோராகக் காட்டிவிட்டால் ஓடிவிடும் என்றேன்.

"டைரக்டர் சைன் பண்ண டாக்குமென்ட் இளமதி. அதுல கை வைக்க முடியாது. புரோகிராம்ல ஏதாவது பாருங்க."

"புரோகிராம் உங்க டாக்குமென்ட்படிதான் சார் இருக்குது. அதான் ஓடல."

"பாசிட்டிவா யோசிங்க," என்று வைத்துவிட்டார்.

பாசிட்டிவாக யோசிக்கச் சாயங்காலம் யூனிட்டுக்குப் போனேன். அங்கே மங்கலம்பேட்டை ஹார்டுவேர் கடைக்காரர் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்து நின்றுகொண்டிருந்தார். சுவரில் பொருத்தும் அடிக்கட்டையை எங்களிடமும், அதில் செருகும் மேல்கட்டையை அடுத்த யூனிட் விருத்தகிரி அண்ணனிடமும் வாங்கியிருக்கிறார். இரண்டிலும் ஒரே நம்பர் குத்தியிருக்கிறது. ஆனால் ஒன்றில் ஒன்று நுழையவில்லை.

"நம்பர் ஒண்ணுதானுங்க பாய், ஆனா என் மண்ணு வேற, அவரு மண்ணு வேற," என்றார் அன்பரசன். "சூளையில வெந்து வர்றப்ப என்னுது கொஞ்சம் சுருங்கும், அவருது கொஞ்சம் கூட சுருங்கும். ரெண்டையும் ஒரே எடத்துல வாங்கணும்னு போன வருஷமே சொன்னேனுங்களே."

"அப்ப யாருது தப்பு?"

"யாருதும் தப்பு இல்லீங்க."

கல்யாணமானதிலிருந்து இந்த வசனத்தைக் கேட்டு வருகிறேன். புருஷன் சொல்வதைக் காதில் வாங்கியது அன்றைக்குத்தான். பெட்டியிலிருந்து ஒரு அடிக்கட்டையையும் ஒரு மேல்கட்டையையும் எடுத்து வைக்கோல் சுற்றி, மறுநாள் காலை கூரியரில் குருமூர்த்திக்கு அனுப்பினேன். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: 'சார், இரண்டும் ஒரே நம்பர். பொருத்திக் காட்டவும்.'

வியாழக்கிழமை மத்தியானம் வீடியோவில் வந்தார். கையில் இரண்டு கட்டையும் இருந்தன.

"ஏதோ ஒண்ணு டேமேஜ் பீஸ் அனுப்பிட்டீங்க."

"எது சார் டேமேஜ்?"

இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மேஜையில் வைத்து ஒரு அமுக்கு அமுக்கினார். பீங்கான் உரசும் சத்தத்தில் எனக்கு இங்கே பல் கூசியது.

"பேரு ஒண்ணுதானே சார்," என்றேன். "அப்புறம் என்ன பிராப்ளம்?"

அவர் இரண்டு கட்டையையும் கீழே வைத்தார். நான் தொடர்ந்தேன். "ரெண்டும் வேற வேற சூளையில வந்தது சார். நம்ம சாமான் கிளாசும் அப்படித்தான். ரெண்டு லோடர் தனித்தனியா கொண்டாந்தா பொருந்தாது. ஒரே எடத்துலேர்ந்து வரணும். அதுக்குத்தான் பெற்றோரைக் காட்டணும்னேன்."

"அப்புறம் கூப்பிடறேன்," என்றார். எங்கள் ஆபீசில் அப்படியென்றால் அடுத்த ஜென்மத்தில் என்று பொருள். ஆனால் அன்று சாயங்காலமே டாக்குமென்டின் நான்காம் பதிப்பு வந்தது. பதினேழாம் பக்கம் மாறியிருந்தது. 'எந்த ஒன்றும் தன் மூலத்தோடு சேர்ந்து இருக்கும்போதுதான் பொருந்தி வேலை செய்யும். பெயர் ஒன்றுதான் என்பதற்காக அதைப் பிரித்து வேறிடத்தில் வைப்பது எங்கள் கம்பெனியின் வழக்கம் அல்ல.' கீழே, 'விருத்தாசலம் கள ஆய்வு: குருமூர்த்தி.' அதற்கும் கீழே டைரக்டரின் கையெழுத்து. குருமூர்த்தி விருத்தாசலம் ஜங்ஷனைத் தூக்கத்தில் கடந்து போனதோடு சரி.

போகட்டும். ஒரு சொல்லை மாற்றினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு சாமானும் வரிசையாகப் பட்டியலில் வந்து விழுந்தன. வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் குருமூர்த்தி இரண்டு கட்டையையும் கேமரா முன்னால் பொருத்த முயன்று தோற்றுக் காட்டினார். டைரக்டர் கைதட்டினார். பிளகின் எழுதியது யார் என்று கேட்டபோது "டீம் எஃபர்ட்" என்று பதில் வந்தது.

மீட்டிங் முடிந்து அரை மணியில் பரிந்துரையும் வந்தது. 'இளமதி இந்த டீமுக்கு இன்றியமையாதவர். எனவே அவர் சென்னையில் என் பக்கத்து இருக்கையிலேயே அமர வேண்டும் எனப் பரிந்துரைக்கிறேன்.'

பத்து வருடத்தில் அந்த ஆபீசில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. படித்துவிட்டு சமையல்கட்டில் நின்று அழுதேன்.

விஷயம் தெரிந்து அமிர்தம் அண்ணி வந்தார். "நீ கவலைப்படாம போ. பாப்பாவ நான் பாத்துக்கறேன். எங்க வூட்டுலயே படுத்துக்கட்டும்," என்றார். வெண்பாவின் பழைய போர்வையைத் துவைத்துக் காயப்போட்டிருப்பதாகவும் சொன்னார். எனக்காக வருத்தப்பட்டார், உண்மைதான். ஆனால் போர்வையைப் பற்றிச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்ததையும் பார்த்தேன். குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹெச்.ஆருக்கு மெயில் எழுதினேன். டைரக்டருக்கும் குருமூர்த்திக்கும் நகல் அனுப்பினேன். 'கம்பெனியின் வழக்கத்தை மீற எனக்கு விருப்பமில்லை. நான்காம் பதிப்பு, பதினேழாம் பக்கம் பார்க்கவும். என் மூலம் விருத்தாசலத்தில் இருக்கிறது.' பக்கத்தை இணைத்து, இரண்டு வரியின் கீழும் மஞ்சள் கோடு போட்டேன்.

ஐந்து நிமிடத்தில் குருமூர்த்தி கூப்பிட்டார். "என்னம்மா இது, அது லோடருக்காக எழுதினது."

"அதுல லோடர்னு போடலீங்களே சார். எந்த ஒன்றும்னுதான் போட்டிருக்கீங்க."

"அதை மாத்திடறேன்."

"டைரக்டர் சைன் பண்ண டாக்குமென்ட் சார்," என்றேன். "அதுல கை வைக்க முடியாதே."

திங்கட்கிழமை அனுமதி வந்தது. 'குருமூர்த்தியின் ஆய்வு முடிவுக்கு இணங்க, ஓராண்டுக்கு' என்று டைரக்டர் எழுதியிருந்தார். இரண்டு ஃபியூஸ் கட்டையும் இப்போது சென்னை ஆபீஸ் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றனவாம். கடைக்காரர் திருப்பித் தந்த பெட்டியில் ஒன்று குறைகிறதே, தன் மேல்கட்டை எங்கே என்று விருத்தகிரி அண்ணன் அன்பரசனைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஒன்றாம் தேதி வந்தது. நான் ரயில் ஏறியிருக்க வேண்டிய நாள். சாயங்காலம் அமிர்தம் அண்ணி வந்து கூடத்தில் என்னோடு உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். மடித்த போர்வையைப் பையில் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். வெண்பா ஸ்கூல் வேனிலிருந்து இறங்கி, வாசலில் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, "அம்மா, தண்ணி," என்று கத்தினாள்.

நான் எழுந்தேன். அதே நேரத்தில் அண்ணியும் எழுந்தார். ஒரு நிமிடம் இருவரும் நின்றோம். பிறகு அண்ணி முந்தானையைச் சரிசெய்தபடி உட்கார்ந்து, பீன்ஸை எடுத்துக்கொண்டார்.